தடைக்காலம் என்று பதில் சொன்ன ஆயா

மே மாதத்தில் காசிமேட்டுக்குப் போனால் விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அவை கடலுக்குப் போகக் கூடாது. கிழிந்த வலையைத் தைப்பவர்களும் படகுக்கு வர்ணம் அடிப்பவர்களும்தான் அப்போது கண்ணில் படுவார்கள். அப்படி ஒரு மே மாதக் காலையில் ஓர் ஆயாவின் வாசற்படியில் படிவத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

நான் சுகாதார ஆய்வுகளில் களப்பணியாளராக வேலை பார்க்கிறேன். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, ரத்த அழுத்தம் பார்த்து, படிவம் நிரப்புகிற வேலை. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வடசென்னையில் நான் ஏறாத மாடிப்படி குறைவு. அன்றைய ஆய்வு, 60 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பற்றியது. ஒருவரை ஆய்வில் சேர்ப்பதற்கு முன்னால் ஞாபகசக்தியைப் பார்க்கச் சில கேள்விகள் கேட்க வேண்டும்.

“இது என்ன மாதம், ஆயா?”

அவர் படகுகள் நின்ற பக்கம் பார்த்தார். “தடைக்காலம்” என்றார்.

“மாதம் என்ன என்று சொல்லுங்கள்.”

“அதைத்தானே சொன்னேன், கண்ணு. பார், ஒரு படகும் போகவில்லை.”

படிவத்தில் ‘மே’ அல்லது ‘சித்திரை’, ‘வைகாசி’ என்று இருந்தால்தான் மதிப்பெண். தடைக்காலத்துக்கு இடமில்லை. பூஜ்யம் போட்டேன். தேதி, ஆண்டு, கிழமை எதற்கும் பதில் வரவில்லை. சொல்லிக்கொடுத்த மூன்று சொற்களில் ஒன்றைக்கூட ஐந்து நிமிடம் கழித்து அவரால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. சேர்க்காமல் விடுவதற்கு மூன்று எண்கள் உண்டு. 1 என்றால் மறுத்தார், 2 என்றால் வீட்டில் இல்லை, 3 என்றால் தகுதியில்லை. மூன்றைச் சுழித்தேன்.

அதற்குள் அவர் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துவிட்டார். பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். மஞ்சள் அப்பியிருந்தது. ஓரம் வெளுத்துத் தடித்திருந்தது. “வலிக்கிறதா?” என்று கேட்டேன். “எது?” என்று கேட்டார். சர்க்கரை நோய் பாதத்தின் உணர்ச்சியைக் கொன்றுவிட்டதால் அப்படிக் கேட்டாரா, புண் இருப்பதே மறந்துவிட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த இரண்டையும் பிரித்தறிய யாராவது ஓர் ஆய்வு நடத்த வேண்டும். நாங்கள் நடத்திக்கொண்டிருந்த ஆய்வு அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தபோது அவருடைய மருமகள் கேட்டாள்: “சர்க்கரை அவர்களுக்கு. புண் அவர்களுக்கு. அவர்களை விட்டுவிட்டு யாரைப் பற்றி எழுதப்போகிறீர்கள், அக்கா?”

விதி அப்படி என்றேன். பொய் இல்லை. ஆய்வுத் திட்டத்தில் ஒரே ஒரு வரி: ‘சுயமாக ஒப்புதல் அளிக்க இயலாதவர்கள் சேர்க்கப்பட மாட்டார்கள்.’ எத்தனையோ ஆய்வுகளில் இந்த வரியைப் பார்த்திருக்கிறேன். யாரும் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. தேநீர்க் கடையில் பாக்கி எழுதுவதைவிட வேகமாக அந்த வரியை எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த வரியால் விழும் ஓட்டை சின்னது அல்ல. 2023-இல் வெளியான ஒரு தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருக்கிறது. சுமார் 88 லட்சம் பேர். இவர்கள் மறதி நோய் மட்டும் உள்ளவர்கள் அல்லர். இவர்களுக்குத்தான் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முழங்கால் வலி, கண்புரை எல்லாம் இருக்கின்றன. இடுப்பெலும்பு முறிந்து வார்டில் படுத்திருக்கும் முதியவர்களில் இவர்கள் ஏராளம். காலையில் போட்ட மாத்திரையை மறந்துவிட்டு இன்னொரு முறை போட்டுக்கொள்பவர்கள் இவர்கள். இன்சுலின் ஏற்றிக்கொண்டு சாப்பிட மறந்துபோகிறவர்களும் இவர்கள்தான். மருந்தின் அளவு, பத்தியம், உடற்பயிற்சி எல்லாவற்றையும் தெளிவாக இருப்பவர்களை வைத்துக் கண்டுபிடித்துவிட்டு, தெளிவில்லாதவர்களுக்கும் அதையே எழுதிக் கொடுக்கிறோம். மருந்துக் கடையில் தகுதி பார்ப்பதில்லை. ஆய்வில் மட்டும் பார்க்கிறோம்.

ஒப்புதல் சொல்ல இயலாதவர்களைச் சேர்த்தால் அவர்களைத் தவறாகப் பயன்படுத்திவிடுவார்களே என்கிற எதிர்ப்பக்கத்து அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அது ரத்தம் சிந்திக் கற்ற பாடம். நாஜி மருத்துவர்களை விசாரித்த நீதிமன்றம் 1947-இல் வகுத்த நியூரம்பர்க் நெறிகளின் முதல் வாக்கியமே, மனிதரின் தன்னிச்சையான ஒப்புதல் இன்றியமையாதது என்பதுதான். அதற்குப் பிறகும் அமெரிக்காவில் நியூயார்க்கின் வில்லோபுரூக் விடுதியில், அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள்காமாலைக் கிருமியைச் செலுத்தினார்கள். 1956-இல் தொடங்கி ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அது நடந்தது. பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். விடுதியில் இடமில்லை, ஆய்வு வார்டில் மட்டும் இடம் உண்டு என்றால் எந்தத் தாய் கையெழுத்துப் போட மாட்டாள்?

எங்கள் பக்கத்திலும் காகிதத்துக்கு ஒரு கதை இருக்கிறது. சுனாமியில் வீடிழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் பலர் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007-இல் வெளிவந்தது. அவர்களிடமும் சம்மதப் பத்திரம் வாங்கியிருந்தார்கள். அதனால் வடசென்னையில் ஒரு வீட்டுக்குள் படிவத்தோடு நுழையும்போது, ‘எங்களை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?’ என்று கேட்டால் நான் கோபப்படுவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது. கேட்கத் தெரியாதவருக்காக வேறு யாராவது கேட்டே ஆக வேண்டும்.

ஆனால் கேட்பது வேறு, கதவைச் சாத்துவது வேறு. சேர்த்துக்கொண்டதால் என்ன தெரியவந்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மறதி முற்றியவர்கள் மாலையில் கத்துவார்கள், அடிக்க வருவார்கள், ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள். வழக்கமாக அதற்கு மனநோய் மாத்திரை கொடுத்துப் படுக்கவைப்பார்கள். நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில், மிதமாகவோ கடுமையாகவோ மறதி நோய் உள்ள 352 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தி 2011-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு 8 வாரம் முறைப்படி வலிநிவாரணம் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வெறும் பாரசிட்டமால். கத்தலும் கொந்தளிப்பும் குறைந்தன. வலியைச் சொல்லத் தெரியாதவர்கள் அதைக் கத்தலாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த 352 பேரில் பலரால் எட்டுப் பக்க ஒப்புதல் படிவத்தைப் படித்துப் புரிந்துகொண்டிருக்க முடியாது. அவர்களைத் தகுதியில்லை என்று ஒதுக்கியிருந்தால், மறதி நோய் உள்ளவரின் வலியைப் பற்றி, மறதி நோய் இல்லாதவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்திருப்போம்.

அந்த மனநோய் மாத்திரைகளின் ஆபத்தும் இப்படித்தான் வெளியே வந்தது. மறதி நோய் உள்ள முதியவர்களைச் சேர்த்து நடத்திய 17 பரிசோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம் பேரும், உண்மையான மருந்து எடுத்தவர்களில் 4.5 சதவீதம் பேரும் இறந்திருந்தது தெரிந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. நமக்கு அந்த எச்சரிக்கையைக் கொடுத்தவர்கள் ஞாபகம் இழந்தவர்கள்.

‘இவர்களால் முடியாது’ என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது பழைய நோய். சென்னைக்கே அதை முறியடித்த அனுபவம் உண்டு. காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கவைத்து, பாலும் முட்டையும் கொடுத்தால்தான் தேறும் என்று மருத்துவ உலகம் நம்பிய காலம். குடிசையில் வாழும் ஏழை ஒழுங்காக மாத்திரை போடுவானா, வீட்டிலிருப்பவர்களுக்கும் பரப்பிவிட மாட்டானா என்று கேட்டார்கள். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம் அதே ஏழைகளைச் சேர்த்துக்கொண்டு பார்த்தது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்கள், சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமானார்கள். குடும்பத்தாருக்கும் கூடுதல் ஆபத்து இல்லை. 1959-இல் முடிவு வெளியானது. உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. நெரிசலான வீட்டில் வாழ்பவரை நம்பி ஆய்வில் சேர்த்த ஊர் இது. ஆயாவை நம்ப நமக்கு ஏன் கை வரவில்லை?

அளக்கும் கோலையும் பார்க்க வேண்டும். உலகமெங்கும் பயன்படும் ஒரு ஞாபகப் பரிசோதனை 1975-இல் அமெரிக்காவில் உருவானது. அதில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாத, வாழ்நாளில் பென்சில் பிடிக்காத ஒரு மீன்காரம்மாவிடம் ஐங்கோணம் வரையச் சொன்னால் அது ஞாபகசக்திப் பரிசோதனை ஆகாது. ஹரியானாவின் பல்லப்கட் பகுதியில் ஆய்வு செய்தவர்கள் இதை உணர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே 1990-களில் இந்தியில் ஒரு பரிசோதனையை உருவாக்கினார்கள். 1998-இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் தங்கள் குழுவுக்கு ‘10/66’ என்று பெயர் வைத்தார்கள். மறதி நோய் உள்ளவர்களில் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள், மக்களிடையே நடக்கும் ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். சென்னை நகரமும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் அவர்களுடைய ஆய்வுக் களங்களாக இருந்தன. படிப்பில்லாதவரை நோயாளி என்று தவறாகக் கணிக்காத கேள்விகளை அவர்கள் தேடினார்கள். கூடவே, வீட்டில் அவரை நன்றாக அறிந்த ஒருவரிடமும் கேட்டார்கள்: முன்பு செய்துகொண்டிருந்த எந்த வேலையை இப்போது அவரால் செய்ய முடியவில்லை?

ஆயாவின் மருமகளிடம் அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சங்கராவையும் காரப்பொடியையும் கூறு கட்டி விற்றவருக்கு இரண்டு வருடமாக மீதிச் சில்லறை கொடுக்கத் தெரியவில்லை என்று, நான் கிளம்பும்போது அவளே சொன்னாள். அவருக்கு மறதி நோய் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருந்தது. ஆனால் அந்தப் பூஜ்யங்களில் ஒன்று என்னுடையது, அவருடையது அல்ல.

சில வருடங்கள் கழித்து வேறோர் ஆய்வில் வேலை கிடைத்தது. முதியவர்கள் கீழே விழுவதைப் பற்றியது. இந்த முறை மறதி நோய் உள்ளவர்களையும் சேர்க்க வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. பயிற்சி வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது என் தலையில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது: முடிவெடுக்கும் திறன் என்பது ஒருவரிடம் இருக்கிறது, இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லக்கூடியது அல்ல. எதைப் பற்றிய முடிவு, எந்த நேரத்தில் என்று கேட்க வேண்டும். வங்கிப் பத்திரம் புரியாதவருக்கு, ‘பத்தடி நடந்து காட்டுகிறீர்களா?’ என்பது புரியலாம். மாலையில் குழம்புகிறவர் காலை எட்டு மணிக்குத் தெளிவாக இருக்கலாம். கண்ணாடியைத் தேடி மாட்டிவிட்டாலே பாதி குழப்பம் தீர்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எட்டுப் பக்கப் படிவத்தை நான்கு அட்டைகளாக்கியிருந்தார்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு படம், கீழே ஒரே வரி. நடக்கச் சொல்வோம். கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்ப்போம். ஊசியால் ரத்தம் எடுப்போம், வலிக்கும். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவோம். ஓர் அட்டையைக் காட்டி விளக்கிய பிறகு, ‘நான் என்ன சொன்னேன், உங்கள் வாயால் சொல்லுங்கள்’ என்று கேட்க வேண்டும். தலையாட்டல் பதில் ஆகாது. நம் ஊரில் பெரியவர்கள் மரியாதைக்கும் தலையாட்டுவார்கள்.

வடசென்னையின் பட்டாளம் பகுதியில் ஒரு பெரியவர். பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். மில் 1996-இல் மூடப்பட்டுவிட்டது. அவருக்கு மட்டும் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் போன காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “சங்கு ஊதிவிட்டதா, பாப்பா?” என்றார். இன்னும் ஊதவில்லை ஐயா, நேரம் இருக்கிறது என்றேன். பொய்தான். அவரைப் பதற்றப்படுத்திவிட்டு அட்டை காட்டுவதில் பயனில்லை. அட்டை விஷயத்தில் மட்டும் ஒரு பொய்யும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

முதல் அட்டைக்கு, “நடக்கச் சொல்வாய்” என்றார். எதற்கு என்று கேட்டேன். “விழுகிறேனா என்று பார்க்க.” இரண்டாவது அட்டைக்குத் தன் கையைத் தானே சுற்றிப் பிடித்துக் காட்டினார். ஊசி அட்டையில் மட்டும் நின்றுவிட்டார். மூன்று முறை விளக்கினேன். ஒவ்வொரு முறையும் ‘ஆஸ்பத்திரி’ என்று மட்டும் சொன்னார். ஆக, நடப்பதற்கும் ரத்த அழுத்தத்துக்கும் அவருடைய ஒப்புதலே செல்லும். ரத்தம் எடுப்பதற்கு அவருடைய மகனைக் கேட்க வேண்டும். கைரேகையை அவரே வைத்தார். மை ஒட்டிய கட்டைவிரலை வேட்டியில் துடைக்காமல், நான் துணி எடுக்கும்வரை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தார். துணியைக் கறைப்படுத்தாத நெசவாளியின் கை அது.

மகனிடம் கேட்கும் கேள்வியிலும் நுணுக்கம் உண்டு. இங்கிலாந்தில் 2005-இல் கொண்டுவந்த மனத்திறன் சட்டம், உறவினரிடம் ‘உங்களுக்குச் சம்மதமா?’ என்று கேட்கச் சொல்வதில்லை. ‘அவர் தெளிவாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?’ என்று கேட்கச் சொல்கிறது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், பிரதிநிதியின் சம்மதத்துக்கு வழி வைத்திருக்கின்றன. நலிந்த நிலையில் உள்ளவர்களுக்கும் ஆய்வில் சேர்க்கப்படுவதற்குச் சம உரிமை உண்டு என்றும் சொல்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தன் 6-ஆம் பிரிவில், அவர்களுக்குப் புரியும் முறையில் விளக்கிப் பெற்ற சுதந்திரமான ஒப்புதல் இல்லாமல் யாரையும் ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. அனுமதி தரும் குழுவில் பாதிப் பேருக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளோ அவர்களுடைய பதிவுபெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களோ இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. உலக மருத்துவர்கள் 1964-இல் எழுதிய ஹெல்சிங்கி பிரகடனத்தை 2024-இல் திருத்தியபோது, சேர்ப்பதால் வரும் கெடுதலோடு ஒதுக்குவதால் வரும் கெடுதலையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்று எழுதிச் சேர்த்தார்கள்.

காகிதத்தில் குறை அதிகம் இல்லை. குறை நேரத்தில் இருக்கிறது. களப்பணியாளருக்கு ஒரு நாளைக்கு இத்தனை படிவம் என்று கணக்கு. தெளிவாக இருப்பவரிடம் நாற்பது நிமிடத்தில் முடிகிற வேலைக்கு, அந்தப் பெரியவரிடம் மூன்று காலைகள் போனேன். அந்த மூன்று காலைகளுக்கும் யாராவது பணம் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்காதவரை, இரக்கமுள்ள களப்பணியாளர்கூட மூன்றாம் எண்ணைத்தான் சுழிப்பார். நான் சுழித்தேன். ஆய்வுக்கு நிதி கொடுப்பவர்களும் திட்டம் எழுதுபவர்களும் இதைப் படித்தால், அந்த ஒரு வரியை எழுதுவதற்கு முன்னால் ஏன் என்று இன்னொரு வரி எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பட்டாளத்துப் பெரியவரின் மகன் ஒருநாள் இரவு முழுக்க யோசித்துவிட்டு, “அப்பா யூனியனில் இருந்தபோது மூன்று தடவை ரத்த தானம் கொடுத்தவர். கொடுத்திருப்பார்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் காலை. பெரியவர் பத்தடி நடந்தார், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார்ந்தார், கையைத் தானே நீட்டிப் பட்டையைக் கட்டிக்கொண்டார். ஊசியைப் பார்த்ததும் கையை இழுத்து வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டார். ஊசி அட்டையை மறுபடி காட்டினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

மகன் பக்கத்தில் வந்து, “எடுங்கள் மேடம், நான் பிடித்துக்கொள்கிறேன். ஒரு நிமிட வேலை. நான்தான் எழுதிக் கொடுத்துவிட்டேனே” என்றார். நல்ல மனிதர். வந்தவர்களைக் காக்கவைக்கக் கூடாதே என்றுதான் சொன்னார்.

வேண்டாம் தம்பி என்றேன். ஊசியையும் குழாயையும் பெட்டியில் வைத்து மூடினேன். நான்காவது அட்டையை எடுத்துப் பெரியவரிடம் காட்டினேன். படத்தில் ஒரு கை, நிறுத்து என்று நீட்டியபடி இருக்கும். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வயிற்றிலிருந்து கையை எடுத்து அட்டைமேல் வைத்தார். பிறகு மில்லுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்.

படிக்கட்டில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். நடை: முடிந்தது. ரத்த அழுத்தம்: முடிந்தது. ரத்த மாதிரி: எடுக்கவில்லை. காரணத்துக்கு அதே மூன்று எண்கள் இருந்தன. 1-ஐச் சுழித்தேன். மறுத்தார்.